இராசமணி அத்தையின் தலையும் என் பொறாமையும்

செய்தி குரல் பதிவாக வந்தது. தெஹியோவிட்ட பஜாரில் நான் வேலை செய்யும் போன் கடையில், யாரோ கொண்டுவந்து கொடுத்த போனின் உடைந்த கண்ணாடியைச் சூடு காட்டிக் கழற்றிக்கொண்டிருந்தேன். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் வெறும் மழைச் சத்தம். பிறகு அத்தை மகன் விஜியின் குரல்.

"சுதா... அம்மா போயிருச்சு சுதா. ஆஸ்பத்திரியிலேயே..."

அதற்குமேல் மறுபடியும் மழைதான். கல்லாவில் இருந்த முதலாளி நஸீர் நானா எழுந்து வந்து, என் கையிலிருந்த இடுக்கியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"சாமான அப்புடியே வச்சிட்டு போங்க மகள். நான் பாத்துக்கொள்ளுறேன்."

இராசமணி அத்தை என் அப்பாவின் தங்கை. எலிக்காய்ச்சல் என்று மருத்துவர்கள் தெளிவாகவே சொன்னார்கள். மழை விடாத வாரங்களில், தண்ணீர் தேங்கிய வடிகானுக்குள் காலில் புண்ணோடு இறங்கி நடப்பவர்களை எங்கள் பக்கத்தில் அந்த நோய் பிடித்துக்கொள்ளும். அத்தையையும் பிடித்தது. வெறும் காய்ச்சல் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டே இருந்துவிட்டார்.

ஆனால் நான் எங்கள் ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்ச் சேருவதற்குள் இன்னொரு காரணம் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. குழாயடியில் நின்ற பெண்கள் என்னைக் கண்டதும் குரலைக் குறைத்தார்கள். குறைத்தும் கேட்டது.

"தலையில கரண்டு வச்சாங்கல்ல. அதான் ஆளயே கொண்டு போயிருச்சு."

அதனால்தான் இதை இவ்வளவு சீக்கிரம் எழுதுகிறேன். அத்தையைத் தெரிந்தவர்களுக்காகவும், என் வீடியோக்களில் மட்டும் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்காகவும். இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அவர்மேல் பொறாமை. இறந்தவரைப் பற்றி எழுதும்போது அன்பு, மரியாதை, நன்றி என்றெல்லாம் எழுதுவார்கள். அவை எனக்கும் இருக்கின்றன. ஆனால் பட்டியலில் முதலில் நிற்பது பொறாமைதான். அதை மறைத்துவிட்டு எழுதினால் அத்தை சிரிப்பார்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. நான் மூளையைப் பற்றித் தமிழில் சின்னச் சின்ன வீடியோ போடுகிறவள். எங்கள் தோட்டத்துப் பள்ளியில் உயர்தரத்துக்கு விஞ்ஞானம் கிடையாது, கலைப்பிரிவுதான் படித்தேன். மற்றதெல்லாம் போனில் படித்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் விரிவுரைகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, தெரியாத சொல்லைத் தேடி, மறுபடியும் ஓட்டிப் பார்த்துப் படித்தேன். மற்றவர்கள் நடிகர்களுக்கு ரசிகர். நான் மூளைக்கு ரசிகை. மண்டை ஓட்டைத் திறக்காமல், கத்தி வைக்காமல், வெளியிலிருந்தே காந்தத்தாலும் ஒலியாலும் மூளையைத் தொடுகிறார்கள் என்று முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாளாவது அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். என் தலைக்கு மேல் அந்தக் காந்தச் சுருளை வைத்துத் தட்டும்போது என் விரல் தானாகத் துள்ளுவதை நானே பார்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

அது எனக்குக் கிடைக்கவில்லை. அத்தைக்குக் கிடைத்தது.

அத்தை ரப்பர் பால் வெட்டுகிறவர். கல்யாணமான வயதிலிருந்து அதே தோட்டம், அதே மலை, அதே மரங்கள். பால்வெட்டில் ஒவ்வொருவருக்கும் தனியாக மரம் பிரித்துக் கொடுப்பார்கள். கொடுத்த பிறகு அது தோட்டத்து மரம் என்று யாரும் சொல்வதில்லை, அவரவர் மரம்தான். விடியும் முன்பே போய், பட்டையில் சரிவாக ஒரு கோடு இழுத்து, சிரட்டையை வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர வேண்டும். கோடு மேலோட்டமாக விழுந்தால் பால் வராது. ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். பிறகு அந்த இடம் வீங்கி, வெட்டவே முடியாமல் போகும்.

நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் ஒருமுறை அத்தை வெட்டுவதைப் பார்க்கப் போனேன். "எப்படி அத்தே அளவு தெரியுது?" என்று கேட்டேன்.

"மரத்துக்கு நோகாம வெட்டணும். நொந்துச்சுன்னா கோவிச்சுக்கும், பால் தராது. ஒம் மாமா மாதிரி இல்ல புள்ள. மரத்துக்கு ரோசம் உண்டு."

பக்கத்து மரத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்த மாமா திரும்பிப் பார்த்தார். "ரோசம் இருந்திருந்தா நா ஒன்னய கட்டியிருப்பனா?"

மாமா இறந்த பிறகும் அந்தப் பேச்சை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தவர் அத்தைதான்.

கை நடுங்கத் தொடங்கியது சில வருடங்களுக்கு முன்னால். முதலில் தேத்தண்ணிக் கோப்பையில். பிறகு ஊசியில் நூல் கோக்கும்போது. சும்மா வைத்திருந்தால் கை அமைதியாக இருக்கும்; எதையாவது செய்யப் போனால்தான் ஆடும். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் தூக்கம் வருகிறது என்று பாதியில் விட்டார். கத்தி பட்டைக்குள் ஆழமாக இறங்க ஆரம்பித்தது. எங்கள் பிரிவில் வேலை பிரித்துக் கொடுக்கிறவரைக் கண்டக்டர் ஐயா என்போம். அவர் ஒரு நாள் காலையில், வேலைக்கு ஆட்களைக் கூட்டும் பெரட்டுக்களத்தில், எல்லோர் முன்னாலும், ஆனால் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"ராசமணி, கொஞ்ச நாளைக்கு நீ புல்லு வெட்டப் போ. ஒம் மரத்த கமலா பாக்கட்டும்."

"கொஞ்ச நாள்னா எத்தன நாளுங்க ஐயா?"

"கை நிக்கட்டும் பாப்போம். மரம் எல உதுத்து மறுக்கா துளுத்து வந்ததும் எல்லாருக்கும் புதுசா பிரிக்கணும். அதுக்குள்ள சரியானா ஒம் மரம் ஒனக்கு. இல்லாட்டி கமலா பேருக்கு எழுதிருவேன்."

கமலா அக்கா லயத்தில் அடுத்த அறையான காம்பிராவில் இருப்பவர், அத்தையைவிடப் பல வயது இளையவர். அன்றிலிருந்து அத்தைக்கு வந்த பொறாமை இருக்கிறதே, அதை நான் கிட்டத்திலிருந்து பார்த்தேன். என்னுடையது போல உள்ளுக்குள் வைத்துப் புழுங்குகிற பொறாமை அல்ல. வாசலில் நின்று சத்தமாகப் படுகிற பொறாமை.

"ஏய் கமலா! அந்த மூலயில நிக்கிற மரம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா."

"பால் தருதா?"

"தருதுக்கா. வாளி நெறயிது."

"தரும் தரும். அதுக்கு மானம் இல்ல. நேத்து வரைக்கும் என்கிட்ட இருந்துச்சு, இன்னைக்கி ஒன்கிட்ட இளிக்குது."

கமலா அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். அத்தை மட்டும் வாசலிலேயே நின்று, ஆடுகிற வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருப்பார்.

அந்த நாட்களில்தான் நான் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். கொழும்புப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம். பெயர் எழுத நான் அனுமதி கேட்கவில்லை. அங்கே மூளை, நரம்பு சத்திரசிகிச்சைத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவில், கை நடுக்கத்துக்குக் காந்தத் துடிப்புச் சிகிச்சையைப் பரிசோதிக்கத் தொண்டர்கள் தேவை என்றிருந்தது. வெட்டு இல்லை, மயக்கம் இல்லை. கீழே இன்னொரு வரி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நடுக்கம் இல்லாத ஆரோக்கியமானவர்களும் வேண்டும். அந்த வரியைத்தான் நான் முதலில் பார்த்தேன். இரண்டு பேருக்கும் பதிந்தேன். அத்தைக்குச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"எல துளுக்குறதுக்கு முந்தி முடிஞ்சிருமா?"

"முடிஞ்சிரும் அத்தே. ஆனா சரியாகும்னு உறுதி இல்ல. அவங்களே தெரியாமத்தான் பாக்குறாங்க."

"தெரியாமத்தான எல்லாரும் எல்லாத்தயும் பாக்குறோம். வா, போவோம்."

அவிசாவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். நான் வழி நெடுக, கேட்கப்போகும் கேள்விகளை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அத்தை தூங்கிக்கொண்டு வந்தார்.

அங்கே எங்களைப் பார்த்தவர் திலினி என்ற இளம் டொக்டர். கேள்விகளைச் சிங்களத்தில் கேட்டார். என் சிங்களம் கடைச் சிங்களம். அத்தையுடையது வீட்டுச் சிங்களம். ரப்பர் பாலைத் தாளாக அடிக்கும் ஸ்டோரில் சிங்களப் பெண்களோடு சேர்ந்து சண்டை போட்டு, கல்யாணம் பேசி, ஒப்பாரி வைத்துப் பழகிய சிங்களம். நான் மனப்பாடம் செய்த ஆங்கிலம் அப்படியே வாயில் இருக்க, அவர்கள் இருவரும் பழைய சிநேகிதிகள் மாதிரி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தையின் மூக்குத்தியைக் கழற்ற வேண்டும் என்றார் டொக்டர். காந்தத்தின் பக்கம் உலோகம் ஆகாது. கல்யாணத்தில் போட்டதைக் கழற்றியதே இல்லை, திருகாணி ஒட்டிப்போய்விட்டது. டொக்டரே களிம்பு தடவி, நெடுநேரம் திருகி எடுத்தார். அத்தை கண்ணில் நீர் வழிய, "மூக்க அறுத்தாச்சு, இனி சூர்ப்பனகைதான்" என்று தமிழில் சொல்லி, அதைச் சிங்களத்திலும் விளக்கிச் சொல்ல, அறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு என் முறை. டொக்டர் வரிசையாகக் கேட்டார். தலையில் அடிபட்டிருக்கிறதா, உடம்பில் இரும்பு ஏதாவது இருக்கிறதா, எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா?

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அத்தையின் குரல் சிங்களத்தில் வந்தது. "அனே மிஸ், இவளுக்குச் சின்னதுல வலிப்பு வரும்! கையில இரும்புச் சாவிய குடுத்து, நாந்தான் தூக்கிக்கிட்டு ஓடுனேன்."

அது என் அம்மா உலகத்துக்கே மறைத்து வைத்திருந்த விஷயம். பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழுந்துவிடக்கூடாது என்று என்னிடமே அரைகுறையாகத்தான் சொல்லியிருந்தார். டொக்டர் பேனாவை மூடினார். வலிப்பு வந்த தலைக்கு இந்தத் துடிப்பு ஆபத்தாகலாம், மன்னிக்க வேண்டும் நங்கி, என்று தங்கையிடம் சொல்வது போலச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவிசாவளையில் இறங்கும்போது அத்தை என் தோளைத் தொட்டார்.

"கோவமா?"

நான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

"மறைச்சிட்டு போயி அங்க ஒனக்கு இழுத்துச்சுன்னா ஒங்கப்பனுக்கு நா என்னத்த சொல்றது? அது சரி, பொண்ணு பாக்குறவங்கள நெனச்சி பயப்படாத. எவனும் வரலேன்னா எம்மகன் விஜி இருக்கான். அவனுக்கும் வேற வழியில்ல."

அவர் சொன்னது சரி. எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் பொறாமை போகவில்லை. மூளையைப் பற்றி ஒரு வரி படிக்காதவரின் தலையைத் தொடப்போகிறார்கள். அதையே படித்துக்கொண்டிருப்பவள் வெளியே.

வெளியே என்றால் உண்மையிலேயே வெளியேதான். அத்தையைக் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்பதால் ஒவ்வொரு சிகிச்சை அமர்வுக்கும் நான் போனேன். நஸீர் நானா லீவு கொடுத்தார். நடைபாதை வாங்குப் பலகையில் நான், கதவுக்கு அந்தப் பக்கம் அத்தை. டக் டக் டக் என்று சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்தை நான் போனில் எத்தனையோ தடவை ஹெட்செட் போட்டுக் கேட்டிருக்கிறேன். இப்போது ஒரு பலகைக் கதவுக்கு அப்பால் கேட்கிறது. அத்தை வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கேட்பேன்.

"எப்படி இருந்துச்சு அத்தே? விரல் துள்ளுச்சா? கண்ணுல வெளிச்சம் தெரிஞ்சிச்சா?"

"தூக்கம் வந்துச்சு."

"தூக்கமா?"

"நல்ல சேர் புள்ள. ஏசி. மரங்கொத்தி கொத்துற மாதிரி ஒரு சத்தம். கண்ண மூடுனேன், முடிஞ்சிருச்சுன்னு எழுப்புறாங்க. நம்ம லயத்துல இப்படி ஒரு சேர் இருந்தா நா எந்திரிக்கவே மாட்டேன்."

எனக்கு அழுகையே வந்தது. பசிக்கிறவன் பார்த்துக்கொண்டிருக்க, பசியில்லாதவர் பிரியாணியைக் கிளறிக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது.

இதற்கிடையில் நடந்ததுதான் கமலா அக்கா கதை. அதைச் சொல்லாவிட்டால் அத்தையைச் சொன்னதாக ஆகாது. ஒரு அமர்வு நாள் காலையில் விஜியின் மனைவிக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. (ஆமாம், விஜி என்னைக் கட்டவில்லை, முன்பே கல்யாணமானவன். அத்தை பஸ்ஸில் சொன்னது முழுப் பொய்.) மருமகளோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்ததால், அத்தை தோட்டத்தில் எல்லோரும் செய்வதைச் செய்தார். பால் வெட்டுகிறவருக்கு வர முடியாவிட்டால் ஒரு மாத்தாள் அனுப்புவார். வீட்டிலோ பக்கத்திலோ ஒருவர் போய் அவருடைய மரங்களை வெட்டிவிடுவார். வேலை நின்றதாக ஆகாது. அதன்படி, நான் பஸ் தரிப்பிடத்துக்குப் போனபோது அங்கே நின்றது அத்தை அல்ல. தலைக்குக் குளித்து, மூக்குத்தியும் தோடும் கழற்றி, அத்தையின் ஆஸ்பத்திரி அட்டையைக் கையில் பிடித்தபடி கமலா அக்கா.

"என்னக்கா நீங்க?"

"ராசமணியக்கா அனுப்புச்சு. அதுக்குப் பதிலா இன்னைக்கி நா தலைய குடுக்கணுமாம்."

"அக்கா, இதுக்கெல்லாம் மாத்தாள் கெடையாது!"

"எனக்கென்ன தெரியும்? 'எம் மரத்த நீதான வெட்டுற, அப்ப எந்தலைக்கும் நீதான் போவணும்'னு சொல்லுச்சு. ஞாயந்தான?"

வராவிட்டால் தகவல் சொல்ல வேண்டும். போனில் யாரும் எடுக்கவில்லை. கமலா அக்காவும் பஸ்ஸில் ஏறிவிட்டார். திலினி டொக்டர் முதலில் புரியாமல் விழித்தார். புரிந்ததும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டு, ஒருவர் சம்மதம் அவருடைய தலைக்கு மட்டும்தான், அதை இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது என்று பொறுமையாக விளக்கினார். தவறிய அமர்வுக்கு வேறொரு நாள் கொடுத்தார். இவ்வளவு தூரம் வந்தவரை வெறுமனே அனுப்ப மனம் வராமல், இன்னும் சில கேள்விகள் கேட்டு உறுதி செய்துகொண்டு, சுருளைக் கமலா அக்காவின் முழங்கைப் பக்கம் வைத்து ஒரே ஒரு துடிப்புக் கொடுத்துக் காட்டினார்.

கமலா அக்காவின் விரல் துள்ளியது. நான் பார்த்தேன்.

"ஆத்தாடி! யாரு இழுக்குறது?" என்று கத்தினார். நான் அப்போதும் சுவர் ஓரமாகத்தான் நின்றுகொண்டிருந்தேன். தோட்டத்தில் எல்லோருக்கும் கிடைத்துவிடும் போலிருந்தது, என்னைத் தவிர.

அமர்வுகள் முடிந்தபோது ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நின்றன. அத்தையின் கை முன்பைவிட நன்றாக நின்றது. முழுதாக அல்ல. கோப்பை இன்னும் லேசாக ஆடும், ஆனால் சிந்தாது. இளந்தளிர் சிவப்பாக வந்து பச்சையானதும், கண்டக்டர் ஐயா அத்தையை மலைக்கு வரச் சொன்னார். கூட்டம் கூடிவிட்டது. கமலா அக்கா தன் கத்தியை முந்தானையில் துடைத்து நீட்டினார். அத்தை வாங்கவில்லை, இடுப்பிலிருந்து தன்னுடையதை எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். பட்டை மெல்லிய சுருளாகச் சுருண்டு விழுந்தது. கோட்டில் பால் துளிர்த்து, ஓடி, சிரட்டையில் சொட்டியது. ஐயா குனிந்து விரலால் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"காயமில்ல. ஒம் மரம் ஒனக்கு ராசமணி."

அத்தை கமலா அக்காவைப் பார்த்தார். "சொன்னேன்ல, அதுக்கு மானமில்லன்னு. மறுபடியும் என்கிட்டயே இளிக்குது பாரு."

அன்று நான் எடுத்த வீடியோதான் என் பக்கத்திலேயே அதிகம் பேர் பார்த்தது. 'காந்தத்தால் குணமான கை' என்று தலைப்பு வைத்தேன். பின்னூட்டங்களில் எல்லோரும் அத்தைக்குத்தான் இதயம் போட்டார்கள்.

சில மாதம் கழித்துத் திலினி டொக்டர் எனக்கு அழைத்தார். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, இனி யார் எந்தக் குழு என்று சொல்லலாம் என்றார். இந்த மாதிரிப் பரிசோதனையில் பாதிப் பேருக்கு உண்மையான துடிப்பு, மீதிப் பேருக்குச் சத்தம் மட்டும் போடும் போலிச் சுருள். யாருக்கு எது என்று உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது, கையை அளப்பவருக்கும் தெரியாது. கையெழுத்து வாங்கும்போதே அத்தைக்கும் எனக்கும் இதைச் சொல்லியிருந்தார்கள்; பொறாமையில் அது என் நினைவிலேயே நிற்கவில்லை. அத்தை போலிக் குழு.

அதாவது அத்தையின் தலைக்குள் எதுவுமே போகவில்லை. ஒரு துளி காந்தம்கூட. நான் அத்தனை நாள் வாங்கில் உட்கார்ந்து பொறாமைப்பட்டது வெறும் சத்தத்தைப் பார்த்து. அப்படியானால் கை எப்படி நின்றது என்று கேட்டேன். சிலருக்கு அப்படி ஆவதுண்டு, நடுக்கம் தானாகவும் கூடிக் குறையும், ஒருவரை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். விரும்பினால் இப்போது உண்மையான சிகிச்சையை அத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

அன்று மாலையே அத்தையிடம் சொன்னேன். சிரட்டையில் உறைந்து மிஞ்சிய ஒட்டுப்பாலை உருட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அப்ப அந்த மெசின் சும்மா கத்துச்சா?"

"ஆமா அத்தே."

"பாவி மக்கா! அதுக்குப் போயி எம் மூக்குத்திய கழட்டுனாங்களே!"

சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை நீட்டிப் பார்த்தார். நின்றது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"யாருகிட்டயும் சொல்லிராத புள்ள. ஐயா காதுல விழுந்தா, பொய்க் கையின்னு சொல்லி மறுக்கா புல்லு வெட்ட அனுப்பிருவாரு. நா இருக்குற வரைக்கும் எம் மரம் என்கிட்ட இருக்கணும்."

"சொல்லமாட்டேன். நெசமான மெசின வைக்கட்டுமான்னு கேக்குறாங்களே, போறீங்களா?"

"போகாம? பொய் மெசினுக்கே கை நின்னுச்சு. நெச மெசின் வச்சா நா பறந்துருவேன். மழை விடட்டும்."

மழை விடவில்லை.

ஆகவே, குழாயடியில் அந்தப் பேச்சைக் கேட்டபோது என் நாக்கு நுனியில் பதில் இருந்தது. அதைச் சொன்னால் 'காந்தத்தால் குணமான அத்தை' இல்லாமல் போவார். சொல்லாவிட்டால் 'காந்தத்தால் செத்த அத்தை' ஆகிவிடுவார். நான் சடலத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கைகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவர் கேட்டது 'நா இருக்குற வரைக்கும்' என்றுதான். எழுந்து வாசலுக்குப் போனேன். கண்டக்டர் ஐயாவும் வந்து நின்றிருந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அத்தை தலையில கரண்டும் போகல, காந்தமும் போகல. அது வெறும் சத்தம். அத்தைக்கும் தெரியும். கொண்டு போனது எலிக்காய்ச்சல். காய்ச்சல் வந்தா கொத்தமல்லி குடிச்சிக்கிட்டு இருக்காம நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ஐயாதான் மெதுவாகக் கேட்டார். "அப்ப அன்னைக்கி மரத்த வெட்டுனது?"

நான் மூளையைப் பற்றி எத்தனை வீடியோ போட்டிருக்கிறேன். இருந்தும், "தெரியலைங்க ஐயா" என்றேன்.

கமலா அக்கா முன்னால் வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. "என்னங்க ஐயா கேள்வி இது? அக்கா கைதான் வெட்டுச்சு. வேற யாரு கை வெட்டும்?"

சொல்லிவிட்டு அவர் அங்கே நிற்கவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் மலைப்பக்கம் நடந்தார். எதற்கென்று அப்போது யாருக்கும் புரியவில்லை.

அத்தையைத் தூக்கிக்கொண்டு போகும் பாதை அவருடைய மரங்களுக்கு நடுவில்தான் போகிறது. வளைவில் திரும்பியதும் பார்த்தோம். அத்தையின் ஒவ்வொரு மரத்திலும் சிரட்டை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மேலிருந்து கீழ்வரை, மலை முழுவதும். கடைசி மரத்தடியில் கமலா அக்கா நனைந்து நின்றுகொண்டிருந்தார். நாளைக்கு அந்த மரங்கள் அவருடையவை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"இன்னைக்கி யாரும் இத தொடக்கூடாது. இன்னைக்கி அக்கா மரம்" என்றார்.

கவிழ்ந்த சிரட்டைகளின் முதுகில் மழை விழுந்து தெறித்துக்கொண்டிருந்தது. தூக்கியவர்கள் அந்த இடத்தில் தானாகவே நடையைக் குறைத்தார்கள்.

அத்தே, காந்தம் கிடைத்தவர் என்று உங்கள்மேல் பொறாமைப்பட்டேன். அது கிடைக்காமலேயே கையை நிறுத்தியவர் என்று தெரிந்ததும் பொறாமை இன்னும் கூடியது. நேற்று, உங்கள் இடத்தை எடுத்துக்கொள்ளப் போகிறவரே மழையில் நின்று உங்களுக்காக ஒரு மலையைக் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்த பிறகு, இந்தப் பொறாமை இனி என்னை விட்டுப் போகாது என்று தெரிந்துகொண்டேன். போய் வாருங்கள். அங்கே நல்ல நாற்காலி இருந்தால் எழுந்திருக்காதீர்கள்.